இந்தப் பக்கத்தை மூடாதீர்கள்

காத்திருத்தலே மனித குலத்தின் கடைசி அடிமைத்தனம். அதை ஒழிப்பவனே வருங்காலத்தின் விடுதலை வீரன்.

நார்வேயின் வடகோடியில், ஸ்கார்வோய் நகராட்சிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், டிஜிட்டல் மாற்றத் துறைத் தலைவர் ஓட்வார் ஹெக்லானின் அறைச் சுவரில் இந்த வாசகம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. சொன்னவரும் அவரே, சட்டம் போட்டவரும் அவரே. அதற்கு நேர் கீழே உட்கார்ந்து, ஒரு ஜனவரி மாத வெள்ளிக்கிழமை, தம்முடைய ப்ரௌசர் திறப்பதற்காக அவர் காத்துக்கொண்டிருந்தார். கொண்டுவந்த காப்பி ஆறிப்போய்க் கோப்பையின் உட்புறம் கருவளையம் கட்டிவிட்டது. திரையில் ஒரு வெள்ளைச் சதுரம், அதன் நடுவில் சுற்றிக்கொண்டேயிருக்கும் சின்ன வட்டம். மடிக்கணினியின் விசிறி, பெட்டிக்குள் புயலைப் பிடித்து அடைத்ததுபோல் இரைந்தது.

டிஜிட்டல் மாற்றத் துறை என்றதும் பெரிய பட்டாளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். மொத்தம் இரண்டு பேர். தலைமை தாங்குபவர் ஓட்வார். தலைமை தாங்கப்படுபவன் எஸ்கில், அடுத்த அறையில் உட்கார்ந்து ஊழியர்களின் கணினிகளைப் பழுதுபார்ப்பவன்.

திங்கட்கிழமையிலிருந்தே இந்த இரைச்சல். ப்ரௌசரைத் திறந்த கணமே ப்ராசசர் நாக்குத் தள்ள ஓடத் தொடங்கிவிடும். மற்ற நிரல்கள் எல்லாம் மூச்சுவிட இடமில்லாமல் உறைந்து நிற்கும். இது உலகத்தில் நடக்காத அதிசயம் இல்லை. ஆனால் அப்படி ஓடுகிற கணினி கொதிக்க வேண்டும். விசிறி அனலை வெளியே தள்ள வேண்டும். ஓட்வாருக்கே இவ்வளவு தெரியும். இன்று அவர் விசிறியின் வாய்க்கருகே கையைக் கொண்டுபோனபோது விரல்களில் பட்ட காற்று குளிர்ந்திருந்தது. ஜன்னல் இடுக்கில் வரும் குளிர் அல்ல. மலைமேல், மரம்கூட இல்லாத வெளியில் அடிக்கும் குளிர். அதில் லேசாக நனைந்த கம்பளியின் வாடை, அதற்கடியில் வண்டிப் புகை.

கையை இழுத்துக்கொண்டார். கால்சட்டையில் துடைத்தார். கை ஈரமாக இருந்தது.

வெளியே, நண்பகல் நெருங்கியும், இருட்டுத்தான். சூரியன் நவம்பரில் போனது. வருவதற்கு இன்னும் சில நாள் பாக்கி. அதுவரை இந்த நேரத்துக்கு மட்டும் வானத்தின் ஓரத்தில் யாரோ நீல மை கழுவிய தண்ணீரைக் கொட்டியதுபோல் ஒரு வெளிச்சம் பரவி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வடிந்துவிடும். துறைமுக விளக்குகள், மீன் காயவைக்கும் மரச்சட்டங்கள், நிறுத்தி வைத்த கார்களின் மேல் பனிக் குல்லாய்கள். எல்லாம் வழக்கம்போல் இருந்தன. இதையெல்லாம் விட்டு இன்னும் கொஞ்ச நாளில் தெற்கே போய்விடலாம் என்பதுதான் ஓட்வாரின் கணக்கு. இன்று, எல்லோரும் கூடி வாஃபிள் தின்னும் வெள்ளிக்கிழமை வேளை முடிந்ததும், மாகாண அதிகாரிகள் வருகிறார்கள். அவருடைய படைப்பான, நகராட்சிக்கு வரும் கோரிக்கைகளையெல்லாம் வாங்கிக்கொள்ளும் 'உடனே' என்ற இணையவாசலை அவர் பெரிய திரையில் போட்டுக் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் மாகாணம் முழுக்க 'உடனே'. மாகாணத் தலைமையகத்தில் ஓட்வாருக்கு நாற்காலி. பிடிக்காவிட்டால் ஓய்வு பெறும்வரை இதே அறை, இதே இருட்டு, அடுத்த அறையில் எஸ்கில்.

காட்ட வேண்டியதெல்லாம் இந்த மடிக்கணினியில்தான் இருந்தது. அதிலோ ப்ரௌசர் திறக்கவில்லை.

எஸ்கிலைக் கூப்பிட்டிருக்கலாம். சுவரைத் தட்டினால் போதும். ஆனால் நகராட்சியில் யாரும் எஸ்கிலை நேரில் கூப்பிடக்கூடாது, தாழ்வாரத்தில் மறித்துக் கேட்கக்கூடாது, எந்தக் கோரிக்கையானாலும் 'உடனே' வழியாகத்தான் வர வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டவர் ஓட்வார். தவிர, டிஜிட்டல் தலைவரின் ப்ரௌசர் திறக்கவில்லை என்று ஒரு முறை வெளியே தெரிந்தால், துறைமுகக் கடையில் மீன் வெட்டுகிறவர்கூட அதை ஈஸ்டர் வரை சொல்லிச் சிரிப்பார். ஆகவே காலையில், கைப்பேசியிலிருந்து, 'உடனே'யில் ஒரு கோரிக்கை போட்டிருந்தார்: "ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன். ப்ரௌசரைத் திறந்தாலே கணினி திணறுகிறது. என்ன செய்யலாம்?" கோரிக்கை அவசரமா என்ற கேள்விக்கு 'அவசரமில்லை' என்பதைத் தேர்ந்தெடுத்தார். அவசரம் என்று போட்டால் எஸ்கில் எழுந்து யார் என்று பார்க்க வந்துவிடுவான்.

அதுவரை தாமே பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினார். ப்ரௌசரில் ஒட்டிக்கொண்டிருந்த நீட்சிகளை ஒவ்வொன்றாக அணைத்தார். விளம்பரம் தடுக்கிறது, போயிற்று. எழுத்துப்பிழை திருத்துகிறது, போயிற்று. நாள்தோறும் ஓர் ஊக்கமூட்டும் பொன்மொழி காட்டுகிறது, மனமில்லாமல் அதுவும் போயிற்று. தேங்கிக் கிடந்த தற்காலிகக் கோப்புகளைத் துடைத்தார். திறக்கும்போது பழைய டேப்களைத் திரும்ப எடுக்க வேண்டாம், வெறும் பக்கம் போதும் என்று அமைப்பை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் மூடித் திறந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் அமைதி, அடுத்த கணம் அந்த இரைச்சல். கணினியையே அணைத்துப் போடுவதெல்லாம் சாதாரண ஜனங்கள் செய்வது; ஓட்வார் வேலை முடிந்தால் மூடியை மூடுவார், அவ்வளவுதான்.

கடைசியில் எந்த நிரல் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தார். எல்லாம் பூஜ்யத்தில் படுத்திருந்தன. ஒன்றே ஒன்று மொத்த ப்ராசசரையும் விழுங்கிக்கொண்டு உச்சியில் நின்றது. அதற்குப் பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

அதன்மேல் அழுத்தி, 'நிறுத்து' என்பதைத் தட்டினார்.

விசிறி நின்றது. அறை முழுக்க ஒரு மௌனம் இறங்கியது. பனி பெய்யும்போது வெளியே நின்றால் காதை அடைக்குமே, அந்த மௌனம். அதற்குள் மிகத் தொலைவில், மெல்லிய ஒரு சத்தம். டக். கொஞ்ச நேரம் கழித்து, டக். காரின் கண்ணாடித் துடைப்பான், பனியின் பாரம் தாங்காமல், பாதியில் நின்று நின்று நகரும் சத்தம்.

பிறகு யாரோ ஆழ்ந்து மூச்சு இழுத்ததுபோல் விசிறி மறுபடி கிளம்பியது.

ஓட்வார் எழுந்து சமையலறைக்குப் போனார். பயந்து போகவில்லை, காப்பிக்காகத்தான் போகிறேன் என்று கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

சமையலறையில் மனித வாசனை இருந்தது: வெண்ணெய், ஏலக்காய், சூடான இரும்பு. வெள்ளிக்கிழமை என்பதால் கணக்குப் பிரிவு மாய்-பிரிட் இதய வடிவ வாஃபிள்களைச் சுட்டுச் சுட்டுத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். எஸ்கில் சுவரில் சாய்ந்து, பழுப்புச் சீஸ் வைத்து மடித்த வாஃபிளை வாயில் திணித்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஓட்வார், மூஞ்சி காஞ்ச மீன் தலை மாதிரி இருக்கு? ராத்திரி தூங்கலையா?" என்றாள் மாய்-பிரிட்.

"பெரிய மனுசனுக்கு ஏது தூக்கம்" என்றான் எஸ்கில். "ஆமா, உன் ரூம்ல என்ன அப்படி ஓடுது? சுவத்துக்கு இந்தப் பக்கம் ஏதோ ஹெலிகாப்டர் எறங்குற மாதிரி கேக்குது."

"தரவுப் பகுப்பாய்வு. பெரிய அளவுல ஓடிட்டிருக்கு."

"அதுக்கு ஏன் அப்படிக் கத்துது? வந்து பாக்கட்டுமா?"

"வேணாம் வேணாம். உனக்குப் புரியாது."

"சரிதான்" என்று எஸ்கில் தோளைக் குலுக்கினான். "எனக்கு வாஃபிள்தான் புரியும்."

மாய்-பிரிட் கரண்டியால் மாவை ஊற்றினாள். இரும்பு சீறியது. "யோருன் இருந்தா இந்நேரம் பாதித் தட்டு காலியாகியிருக்கும்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

 ஓட்வார் காப்பியை ஊற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

யோருன் பக்கேயோர்ட் இந்த நகராட்சியின் தொலைபேசிக் குரலாக இருந்தவள். யார் எதற்கு அழைத்தாலும் அவள்தான் எடுப்பாள். வடக்கத்தி வாய், வாயைத் திறந்தால் குதிரையின் உறுப்புகளை வைத்துத்தான் ஆரம்பிப்பாள், அதை யாரும் வசவாக எடுத்துக்கொள்வதில்லை. மலைச்சாலை பனியில் மூடிக்கொண்டால் பனி வாரும் வண்டிக்காரனைப் பெயர் சொல்லி அழைத்து, "எந்திரிடா, உன் பின்பக்கம் நாற்காலியோட ஒட்டிக்கிச்சா?" என்பாள். அவனும் எழுந்துவிடுவான். 'உடனே' வந்தபோது அவள் வேலை போயிற்று. போவதற்கு முந்தைய வாரம் ஓட்வாருக்கு ஒரு யோசனை உதித்தது: காத்திருப்போருக்கு உள்ளூர்க் குரலில் ஆறுதல் சொன்னால் நன்றாயிருக்குமே. வேலை நீக்கக் கடிதம் வாங்கியவளையே உட்கார வைத்து ஒலிப்பதிவு செய்தார். "உங்கள் கோரிக்கையை உடனே பெற்றுக்கொண்டோம். உங்களுக்கு முன்னால் ஒருவர் இருக்கிறார். தயவுசெய்து இந்தப் பக்கத்தை மூடாதீர்கள்." பின்னால் 'உடனே'க்குப் பரிசு கொடுத்த குழுவினர் பாராட்டுரையில் 'உள்ளூர்க் கனிவு' என்று குறிப்பிட்டது இதைத்தான்.

வழியனுப்பும் நாளில் மார்சிப்பான் கேக் வெட்டினார்கள். யோருன் தன் துண்டைத் தொடவில்லை. "குரலை மட்டும் வெச்சுக்கிட்டு ஆளை வெளிய தள்ளுறியே, குதிரைக்குப் பொறந்தவனே, நீ பெரிய ஆளுதான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஓட்வாரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "பத்திரமா வெச்சுக்க. ஒரு நாள் திருப்பிக் கேப்பேன்."

போன மார்ச்சில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஸோர்விக் கிளைச்சாலையில் அவள் கார் பனியில் மாட்டிக்கொண்டது. வீடு அடுத்த மேட்டுக்கு அப்பால்தான். அவசர எண்ணை அழைத்திருக்கலாம். ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்கு ரத்தம் கொட்டினாலும், நம்மைவிட அதிகமாக ரத்தம் கொட்டுகிறவர் யாராவது வரிசையில் இருப்பாரோ என்றுதான் முதலில் தோன்றும். தன் சாலையில், தன் காரில், ஹீட்டர் ஓட உட்கார்ந்துகொண்டு மீட்புப் படையைக் கூப்பிடுவதா? நாலு பேர் என்ன பேசுவார்கள்? 'உடனே'யில் எழுதினாள்: "ஸோர்விக் சாலை மூடிருக்கு. வண்டி அனுப்புங்க. அவசரமில்லை." 'உடனே' அதை உடனே பெற்றுக்கொண்டது. அவசரமில்லாத கோரிக்கைகளைப் படிப்பது திங்கட்கிழமை. எரிபொருள் தீரும்வரை எஞ்சின் ஓடியிருக்கிறது. குளிரில் விறைத்து இறந்திருந்தவளைக் கண்டெடுத்தபோது, அவள் மடியில் இருந்த கைப்பேசியில், சார்ஜ் செய்யும் கம்பியோடு, அந்தப் பக்கம் திறந்தே இருந்ததாம். கடைசிவரை அவளுக்குத் தைரியம் சொன்ன குரல் அவளுடையதே.

விசாரணை நடந்தது. 'அமைப்பு திட்டமிட்டபடியே இயங்கியது' என்று அறிக்கை சொன்னது. குரலை மாற்றலாம் என்று யாரோ முனகினார்கள். புதிய குரலுக்குப் புதிய ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும் என்று ஓட்வார் விளக்கியதும் அடங்கிவிட்டார்கள்.

அறைக்குத் திரும்பியபோது ப்ரௌசர் திறந்திருந்தது.

ஓட்வாருக்கு வந்த ஆறுதல் ஒரு மூச்சு நேரம்தான் நீடித்தது. வெறும் பக்கம் கேட்டிருந்தார். வந்திருந்தது வெறும் பக்கம் இல்லை. 'உடனே'யின் நீலப் பட்டை, நடுவில் சுற்றும் வட்டம், அதற்குக் கீழே கோரிக்கைப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு வரி: *ஸோர்விக் சாலை மூடிருக்கு. வண்டி அனுப்புங்க. அவசரமில்லை.* பழைய தரவு எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று அவர் தமக்கே உரக்கச் சொல்லிக்கொண்டார். டேப்பை மூடினார். அது திரும்ப வந்தது. கீழே புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது.

*இன்னும் இங்கதான் இருக்கேன்.*

மூடினார்.

*வண்டியில எண்ணெய் பாதி இருக்கு.*

புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் திறந்து பார்த்தார். ப்ரௌசரையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவினார். நிறுவும் பட்டை ஊர்ந்து முடிவதற்குள் விசிறி வாயைச் சுற்றிலும் சர்க்கரை தூவியதுபோல் வெண்துகள் படிவதைப் பார்த்தார். விரலால் தொட்டார். உறைபனி. விசைப்பலகையின் இடுக்குகளிலும் அது ஏறிக்கொண்டிருந்தது, எழுத்து எழுத்தாக. நனைந்த கம்பளியின் வாடை இப்போது லேசாக இல்லை. பக்கத்து இருக்கையில் ஒருத்தி ஈர மேலங்கியோடு உட்கார்ந்திருந்தால் வருமே, அவ்வளவு நெருக்கத்தில் வந்தது. புகைவாடை தொண்டையைக் கரித்தது.

புதிய ப்ரௌசர் தானே திறந்துகொண்டது.

*எண்ணெய் தீந்துடுச்சு.*

ஒலியை அணைத்துத்தான் வைத்திருந்தார். ஒலிபெருக்கிச் சின்னத்தின் மேல் குறுக்குக்கோடு தெளிவாகத் தெரிந்தது. அதையும் மீறி அவள் குரல் வந்தது, பதிவுசெய்த அதே கனிவோடு.

"உங்கள் கோரிக்கையை உடனே பெற்றுக்கொண்டோம். உங்களுக்கு முன்னால் ஒருவர் இருக்கிறார்."

இது பதிவு. அவர் எடுத்த பதிவு. அந்த வாக்கியத்தின் முடிவில் அவள் லேசாக இருமியதைக்கூட அவர் வெட்டாமல் விட்டிருந்தார், இயல்பாக இருக்கட்டும் என்று. இருமல் வந்தது. அதோடு பதிவு முடிய வேண்டும்.

முடியவில்லை.

"முன்னால் இருக்குறது நான்தான்" என்றது குரல். "பின்னால் யார்னு பாக்குறியா, குதிரைக்குப் பொறந்தவனே?"

ஓட்வார் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். துறைமுக விளக்குகள் இல்லை. நீல வெளிச்சம் இல்லை. மூன்றாம் மாடி ஜன்னலின் கண்ணாடியில், கீழிருந்து மேலாகப் பனி ஏறிக்கொண்டிருந்தது. விழவில்லை, ஏறிக்கொண்டிருந்தது. பாதிக் கண்ணாடி. முக்கால். அதன் பாரத்தில் ஜன்னல் சட்டம் கிரீச்சிட்டது. அறை சின்னதாகிவிட்டதுபோல் இருந்தது, கூரை தலைக்கு மிக அருகே, முழங்காலுக்கு மிக அருகே மேசை. எங்கோ துடைப்பான் நகர்ந்தது. டக். நின்றது.

எழுந்தார். கதவு மூன்றே எட்டுத் தூரம். கைப்பிடியைப் பிடித்தார். அது திறக்கும் கதவுதான், பூட்டியிருக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தங்கள், சிரிப்பு, வாஃபிள் வாசனை. மாகாண அதிகாரிகள் வந்துவிட்டார்கள். நகராட்சித் தலைவி அவர்களுக்கு முன்னால் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"இதுதான் ஓட்வாரோட ரூம். கம்ப்யூட்டர் விசயத்துல இவன் கைய வெச்சா போதும், இந்த ஊர்ல யாருக்கும் எந்தப் பிரச்சினையும் கிடையாது."

"அவ்வளவு பெரிய ஆளா? பேரைக் கேட்டாலே பயமா இருக்கே" என்று யாரோ சிரித்தார்கள்.

ஓட்வாரின் கண்ணில் நீர் வழிந்து கன்னத்தில் உறைந்திருந்தது. மீசையில் பனித்துகள். உதடு நீலம். இந்தக் கோலத்தில் கதவைத் திறந்தால் என்ன சொல்வது? ப்ரௌசர் திறக்கவில்லை, குளிருகிறது, செத்தவள் பேசுகிறாள் என்றா? நாலு பேர் என்ன பேசுவார்கள்?

கதவு தட்டப்பட்டது. "ஓட்வார்? என்னாச்சு, ஏதாவது பிரச்சினையா?"

அவருக்குப் பின்னால், மேசையின் மேல், திரை மாறியது. ஒரு கேள்வி மட்டும். *உங்கள் கோரிக்கை அவசரமா?* கீழே இரண்டு பொத்தான்கள். இரண்டும் காத்திருந்தன.

"ஓட்வார்?"

"இல்ல, இல்ல" என்றார் ஓட்வார், முடிந்தவரை தலைவருக்குரிய குரலில். "ஒண்ணுமில்ல. நீங்க வாஃபிள் சாப்பிடுங்க. அவசரமில்லை."

பொத்தான் தானே அமிழ்ந்தது.

காலடிகள் விலகின. சிரிப்பு விலகியது. வாசனை விலகியது. தப்பு செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. கைப்பிடியைத் திருகினார். கதவு ஒரு விரல் அகலம் நகர்ந்து, எதிலோ மோதி நின்றது. இடுக்கில் தாழ்வாரம் தெரியவில்லை. வெள்ளை. அடர்ந்த, அமுக்கப்பட்ட வெள்ளை.

சுவரைத் தட்டினார். அந்தப் பக்கம் எஸ்கில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. வாய் திறந்து கத்தினார்.

சத்தம் வரவில்லை.

மறுபடி கத்தினார். தொண்டை அசைந்தது. நரம்பு புடைத்தது. வாயிலிருந்து வெறும் ஆவி.

அவர் கத்தல் வேறு இடத்திலிருந்து வந்தது. மேசையிலிருந்து. ஒலிபெருக்கியிலிருந்து. சின்னதாக. தகரக் குரலில். மரியாதையாக.

"தயவுசெய்து... காத்திருக்கவும்."

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் யோருன். இப்போது ஒலிபெருக்கியில் அல்ல. காதருகே. சூடில்லாத மூச்சு. "இன்னொரு தடவை. கொஞ்சம் கனிவா."

டக்.

திரை வெளிச்சம்.

சுற்றும் வட்டம்.

டக்.

எஸ்கில்தான் கதவைத் திறந்தான், அதிகாரிகள் பொறுமையிழந்து கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகு. ஒரு கையால் லேசாகத் தள்ளினான்; எந்தத் தடையும் இல்லாமல் திறந்துகொண்டது. அறையில் பனி இல்லை. ஜன்னலுக்கு வெளியே துறைமுக விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சுவரில் வாசகம் நேராகத் தொங்கியது. ஓட்வார் நாற்காலியில், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, காருக்குள் உட்காருவதுபோல் சற்றே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இமைமயிர்களில் உறைபனி பூத்திருந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. நாக்குக்குப் பின்னால், தொண்டை தொடங்கும் இடம்வரை, கெட்டியாகப் பனி அடைத்திருந்தது. மடிக்கணினி இரைந்துகொண்டிருந்தது. நகராட்சித் தலைவி அதன்மேல் கை வைத்தாள், பனிக்கட்டியைத் தொட்டதுபோல் உடனே எடுத்துவிட்டாள்.

ஸ்கார்வோயில் இப்போது யார் 'உடனே'யைத் திறந்தாலும் ஒலிக்கும் குரல் ஆண் குரல். பற்கள் கிடுகிடுக்கப் பேசும். "உங்களுக்கு முன்னால்... ஒருவர்... இந்தப் பக்கத்தை... மூடாதீர்கள்..." அந்தக் குரல் ஒவ்வொரு வரியையும் முடித்ததும், பின்னால், திருப்தியாக ஒரு பெண் இருமுவாள். ஒலிப்பதிவை அழித்துப் பார்த்துவிட்டார்கள். சேவையகத்தை மாற்றிப் பார்த்துவிட்டார்கள். ப்ரௌசரைத் திறந்தால் ஊரில் எந்தக் கணினியானாலும் விசிறி எழுந்து குளிர்ந்த காற்றை ஊதுகிறது. கம்பளி வாடை. புகை. வேறு குரலுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியிருக்கிறார்கள். பதிவுசெய்ய யாரும் முன்வரவில்லை.

நண்பருக்காகக் கேட்டிருந்த கோரிக்கைக்கு எஸ்கிலின் பதில் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தது. 'கணினியை ஒரு தடவை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்க்கவும்.' வாங்கிய நாளிலிருந்து ஓட்வார் அதை அணைத்ததே இல்லை.